என் தம்பி பெயரில் ஓடிய வண்டிகள்

என் தம்பி லெமுவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், தேவாலயத்தில் பாடும்போது மட்டும் கொஞ்சம் சுருதி விலகுவான். ஆனால் அவனோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

எங்கள் ஊர் சிடர்பெண்ட், மிச்சிகனில் சாகினா ஆற்றோரம். என் கணவர் இறந்த பிறகு மாடி அறைகளை வாடகைக்கு விட்டு, அங்கே தங்குகிறவர்களுக்குச் சாப்பாடும் போட்டுக் காலம் தள்ளினேன். லெமுவல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொல்லைக் கொட்டகையில் மரக்கட்டை இழுக்கும் படகுகளுக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்தான். நன்றாகத்தான் செய்தான். அத்தோடு இருந்திருக்கலாம்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் கார் செய்கிறவன் மேல்தான் விழ வேண்டும். சைக்கிள் செய்தவன், குதிரை வண்டி செய்தவன், குளியல் தொட்டிக்குப் பூச்சுப் பூசியவன், எல்லோரும் கார் செய்ய ஆரம்பித்தார்கள். செய்து முடித்ததும் தன் சொந்தப் பெயரைப் பித்தளையில் எழுதி வண்டியின் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க ஒரு வாரம் யோசிக்கிற ஆட்கள் இதற்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

லெமுவல் செய்த முதல் வண்டியைப் பார்க்க விட்லோ வந்தார். ஊரில் பெரிய குதிரை வண்டித் தொழிற்சாலை அவருடையது. வெள்ளை மீசை, தங்கச் சங்கிலி, பேச்சில் தேன். வண்டியில் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து நான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"கம்பெனி ஆரம்பிச்சுடலாம் லெமுவல். இடம் என்னோடது, பணம் என்னோடது. வண்டிக்குப் பேர் மட்டும் உன் பேர்தான் வைக்கணும்."

"எதுக்குங்க என் பேரு? உங்க பேரை வைங்க. ஊருக்கே தெரிஞ்ச பேரு" என்றான் இவன்.

"உனக்கு வியாபாரம் தெரியலப்பா. ஜனங்க ஏன் மனுஷன் பேர் போட்ட வண்டியை வாங்குறாங்க? நாளைக்கு நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா திட்டுறதுக்கு ஒரு ஆள் இருக்கான்னு ஒரு நம்பிக்கை. அந்த ஆள் நீதான்."

விட்லோ சிரித்தார். நானும் சிரித்தேன். லெமுவல் சிரிக்கவில்லை. அவன் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பலகாரத்தை அந்த ஆளின் தலையில் கவிழ்த்திருப்பேன்.

எங்கள் குடும்பப் பெயரிலேயே வோக்லர் வண்டி வந்தது. ரேடியேட்டரின் மேல் 'வோக்லர்' என்று சாய்வெழுத்தில் பித்தளைத் தகடு. ஊரே பெருமைப்பட்டது. நானும்தான், பொய் சொல்வானேன். எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவன் நிலத்தில் கிழங்கு தோண்டியவர். அந்தப் பெயர் பிரதான வீதியில் பளபளவென்று போனால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது?

இரண்டு வருடம்கூட அது நீடிக்கவில்லை. லெமுவல் ஒவ்வொரு வண்டியையும் முழுக்க ஓட்டிப் பார்த்து, பிடிக்காததைக் கழற்றி மாற்றாமல் தொழிற்சாலை வாசலைத் தாண்ட விடமாட்டான். வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், இவன் வண்டிக்கடியில் படுத்திருப்பான். விட்லோ பொறுத்துப் பார்த்தார், பிறகு கூட்டத்தைக் கூட்டினார். இவனுக்கு ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். இனிமேல் வோக்லர் என்ற பெயரில் இவன் வண்டியோ எஞ்சினோ செய்து விற்கக் கூடாது, அந்தப் பெயர் கம்பெனியுடையது என்று எழுதியிருந்தது. இவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

"படிச்சுப் பாத்தியாடா?" என்றேன்.

"பாத்தேன்க்கா."

"பாத்துமா போட்ட?"

"பேர்தானேக்கா. எஞ்சின் எப்படிச் செய்யறதுன்னு எனக்கு மறந்தா போயிடும்?"

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் எனக்குத்தான் வலிக்கும்.

அவன் போன பிறகு விட்லோவின் ஆட்கள் வேகமாக வண்டிகளைத் தள்ளினார்கள். தண்ணீர் பம்பின் அச்சில் லெமுவல் வைத்த பித்தளை வளையத்தை எடுத்துவிட்டு மலிவான தோல் வளையம் போட்டார்கள். ஒரு கோடையில் தோல் காய்ந்து கிழியும், தண்ணீர் ஒழுகும், எஞ்சின் கொதிக்கும், வண்டி நிற்கும். நின்றதும் ஓட்டுகிறவன் இறங்கி முன்பக்கம் வருவான். நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது? வோக்லர். ஊரில் வோக்லர் வீடு எங்கே? கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

வந்தார்கள். குதிரையை வைத்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாட்டை வைத்து இழுத்துக்கொண்டும் வந்தார்கள். என் வாசலில் நின்று என் தம்பியின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். நான் துடைப்பத்தோடு போய் நிற்பேன்.

"கம்பெனிக்குப் போங்கய்யா. இவன் அங்க இல்ல, விரட்டிட்டாங்க."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. இவர் பேர்தானே போட்டிருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் லெமுவல் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவான். "ஏறும்போது சூடாகுதா, சமதரையிலயே சூடாகுதா?" என்று கேட்பான். திட்டிக்கொண்டிருந்தவன் திட்டை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பிப்பான். சாயங்காலம் வண்டி ஓடும். காசு? கூலி கேட்க மாட்டான், கொடுத்தாலும் வாங்க மாட்டான். யாராவது ஒரு வாத்தையோ ஒரு கூடை செர்ரிப் பழத்தையோ வைத்துவிட்டுப் போனால் உண்டு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் வட்டாரத்தில் வோக்லர் வண்டிக்கு நல்ல பெயர். மற்ற ஊர்களில் அதைக் காறித் துப்பினார்கள், எங்கள் பக்கத்தில் மட்டும் உழைக்கிற வண்டி என்று வாங்கினார்கள். விட்லோ அதையே விளம்பரத்தில் போட்டார். "சொந்த ஊரார் நம்பும் வண்டி" என்று கொட்டை எழுத்தில் பத்திரிகையில் வந்ததைப் படித்த அன்று நான் பாத்திரத்தைக் கழுவவில்லை, போட்டு உடைத்தேன்.

ஆனாலும் லெமுவலுக்கு ஒரு வழி பிறந்தது. டாக்டர் பெல்நாப் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். மழையிலும் பனியிலும் நோயாளி வீடுகளுக்குப் போய்வர அவருக்கு நல்ல வண்டி வேண்டும். கொட்டகையில் லெமுவல் புதிதாகச் செய்துகொண்டிருந்த எஞ்சினைப் பார்த்து அசந்துபோனார். தானும் இரண்டு நண்பர்களும் முதல் போடுவதாகச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான். குளிர்காலத்தில் சிகாகோவில் நடக்கும் கார் கண்காட்சிக்கு வண்டி போய்ச் சேர வேண்டும். அங்கே நாலு பேர் பார்த்து, நாலு ஊர் வியாபாரிகள் கேட்டால்தான் நண்பர்கள் பணத்தை எடுப்பார்கள்.

இனி அவன் பெயரைப் போட முடியாது, வேறு பெயர் வேண்டும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. டாக்டர் இருந்தார். மாடியில் குடியிருந்த பிளங்கட்டும் இருந்தார். முடிதிருத்துகிறவர். ஊர்த் தலைகள் எல்லாம் அவர் கைக்குள் வருவதால் ஊர்ச் சேதி எல்லாம் அவர் வாயில் இருக்கும்.

"லான்சிங்ல ஓல்ட்ஸுன்னு ஒருத்தர் தெரியுமில்ல?" என்றார் பிளங்கட். "அவரும் இப்படித்தான் தன் பேரைப் பழைய கம்பெனியில விட்டுட்டு வெளிய வந்தார். என்ன பண்ணார்? தன் முழுப்பேரோட முதலெழுத்து ஆர், ஈ, ஓ மூணையும் சேர்த்தார். ரியோ! சின்னதா, அழகா. லெமுவல், உன் முழுப்பேர் என்னய்யா?"

"லெமுவல் ஹைரம் வோக்லர்."

பிளங்கட் எல், எச், வி மூன்றையும் சேர்த்துப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். "தும்மல் வந்து பாதியில நின்ன மாதிரி இருக்கு" என்று கைவிட்டார்.

"டெட்ராய்ட்ல ஊரை உண்டாக்குன பிரெஞ்சுக்காரன் பேரையே எடுத்து வச்சுட்டாங்க, கேடிலாக்னு" என்றேன் நான். "செத்தவன் வந்து பேரைத் திருப்பிக் கேக்க மாட்டான். அப்படி ஒருத்தனைப் பிடிங்க."

"நல்ல செத்தவனை எல்லாம் ஏற்கெனவே எடுத்துட்டாங்கம்மா" என்றார் பிளங்கட்.

"டாக்டர் பேரையே வச்சா என்ன? பெல்நாப். கேக்கவும் கம்பீரமா இருக்கு" என்றேன்.

டாக்டர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "ஹெஸ்டரம்மா, உங்க வாசல்ல நடக்குறதை நான் தினமும் பாக்குறேன். நோயாளிங்க என் வீட்டுக் கதவைத் தட்டுறதே போதும். வண்டிங்களும் தட்டணுமா?"

எல்லோரும் சிரித்தோம். லெமுவல் முட்டைக்கோஸைத் தின்றுகொண்டிருந்தான். கடைசியில் எதைக் கேட்டாலும் "வச்சுக்கோங்க" என்றான். அவனுக்கு எந்தப் பெயரானாலும் சரி. ஆற்றின் பெயரையே வைப்பது என்று முடிவாயிற்று. சாகினா. டாக்டர் தகட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

பெயர் தீர்ந்தது, வண்டிதான் தீரவில்லை. எப்படித் தீரும்? கொட்டகையில் பாதி நாள் சாகினாவுக்கு, பாதி நாள் வோக்லருக்கு என்று இருந்தது, போகப்போக வோக்லருக்கே முழு நாளும் ஆனது. நான் வாசல் கதவைப் பூட்டிப் பார்த்தேன், கொல்லைப் பக்கமாக வந்தார்கள். தம்பிக்குத் தொற்றுக்காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டு என் மானம் போயிற்று.

எப்படியோ வண்டி முடிந்தது. அதைப் பெட்டியில் அடைத்து ரயிலில் ஏற்ற வேண்டிய நாளும் வந்தது. முந்தின நாள் மாலையே நான் அவன் கோட்டைத் தேய்த்து வைத்திருந்தேன். காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தால் வாசலில் ஜூடா க்ரேன்டல் நிற்கிறான். ஆற்றுக்கு அக்கரையில் பால் பண்ணை வைத்திருக்கிறவன். பால் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போக அவன் வாங்கியது ஒரு வோக்லர். அது பனியில் நின்றுவிட்டதாம், பம்பு முழுக்க வெடித்துவிட்டதாம், வழியில் போன ஒருவனின் குதிரையை வைத்து இழுத்து வந்திருக்கிறான்.

"பால் உறைஞ்சு வீணாயிடும்க்கா, லெமுவல்கிட்டயும் சொல்லிட்டேன். வெண்ணெய்த் தொழிற்சாலைக்காரன் இன்னிக்கு எடுக்கலேன்னா நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்குவான்" என்றான் ஜூடா.

"கம்பெனிக்குப் போயேன்டா" என்று நான் கத்தினேன்.

"போனேன்க்கா. பம்பு வர ரெண்டு வாரம் ஆகும்ங்குறாங்க."

நான் கொட்டகைக்கு ஓடினேன். லெமுவல் சாகினாவின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் கையால் கடைந்த பம்பு. பித்தளை வளையம் போட்டது. சிகாகோவில் ஊரே வந்து பார்க்க வேண்டிய பம்பு.

"டேய்! என்னடா பண்ற?"

"அளவு ஒண்ணுதான்க்கா. பொருந்தும்."

"ரயில்டா! உன் ரயில்! டாக்டர் ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருப்பாருடா!"

"இன்னொரு பம்பு செஞ்சுக்கலாம்."

"எப்போ? கண்காட்சி முடிஞ்ச பிறகா? அவன் வண்டி உன் வண்டி இல்லடா, விட்லோவோட வண்டி. உன்னைத் தூக்கி வெளிய எறிஞ்சவன் வண்டி. அது நின்னா உனக்கென்ன, ஓடினா உனக்கென்ன?"

அவன் கையை நிறுத்தாமல் சொன்னான்: "அது மேல என் பேர் இருக்குக்கா."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருந்தாலும் மறு கையால் திருகாணியைக் கழற்றிக்கொண்டுதான் இருப்பான். ஜூடாவின் பால் போய்ச் சேர்ந்தது. ரயில் போனது. சாகினா போகவில்லை. டாக்டர் பெல்நாப் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "இவருக்கு முதல் போட்டா அந்த முதலையும் கழட்டி யாராவது வண்டியில மாட்டிடுவார்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, வேறு ஊரில் செய்த வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டார். நண்பர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் நான் லெமுவலோடு பேசவில்லை. தட்டை டொக்கென்று வைப்பேன், எடுப்பேன். அவன் கவனித்தானோ இல்லையோ, அதுகூடத் தெரியவில்லை.

அடுத்த வருடம் விட்லோவின் கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து பெரிதானது. வந்த புது முதலாளிகள் கிழக்கத்திக்காரர்கள். வெளியூர்களில் வோக்லர் என்றாலே ஆவி விடுகிற வண்டி என்று ஆகிவிட்டதாம், அந்தப் பெயர் இனி வேண்டாம் என்றார்கள். வண்டி அதேதான், பம்பில் அதே தோல்தான். புதுப் பெயர் நிகோலே.

"அது யாரு நிகோலே?" என்று பிளங்கட்டைக் கேட்டேன்.

"ரொம்ப காலம் முந்தி ஏரியில படகு விட்டுக்கிட்டு வந்த பிரெஞ்சுக்காரனாம்மா."

"அவன் வந்து பம்பை மாத்துவானா?"

கம்பெனியிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தான். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு, இனி அந்தப் பெயரின் மேல் கம்பெனிக்கு உரிமை ஏதும் கிடையாது, ஐயா விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம் என்றான். மிச்சமிருந்த பித்தளைத் தகடுகளை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டான். லெமுவல் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தான். "நல்ல பித்தளைக்கா" என்றான். அவ்வளவுதான்.

"பேர் திரும்பி வந்துடுச்சுல்ல? இப்பவாவது உன் வண்டியை எடுத்துட்டுப் போய் யாரையாவது பாருடா" என்றேன். அவன் போனான், அதையும் சொல்லிவிடுகிறேன். கோட்டு போட்டுக்கொண்டு பிளின்ட்டுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனான். இப்போது அங்கே கொட்டகைகள் இல்லை, மைல் கணக்கில் தொழிற்சாலைகள். பெரிய கம்பெனிகள் அலையலையாக வண்டிகளைத் தள்ளுகின்றன. ஒற்றை வண்டியோடு வந்த ஆளை வாசலிலேயே உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வெண்ணெய்த் தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான்.

அப்புறம்தான் அது நடந்தது. வாசலுக்கு யாரும் வரவில்லை. பழைய வோக்லர்களை மாற்றிப் புது வண்டி வாங்கிவிட்டார்கள். புது வண்டிகளின் நெற்றியில் நிகோலே என்று இருந்தது. அவை எங்கள் வீட்டைத் தாண்டிப் போயின. நின்றால் நின்ற இடத்திலேயே கிடந்தன. திட்ட ஆள் தேடி யாரும் வரவில்லை. நிகோலே வீட்டை எங்கே போய்த் தேடுவது?

இத்தனை வருடம் நான் கேட்டது இதைத்தான். வாசல் சுத்தமாக இருந்தது, தம்பி சூடாகச் சாப்பிட்டான். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அவன் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து காதைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டிருப்பான். வண்டி ஒன்று போகும். "பம்பு" என்பான். இன்னொன்று போகும். "இதுவும் பம்பு" என்பான். ஒரு கவளம் தின்பான். அவ்வளவு பெரிய ஆள் நாளுக்கு நாள் சட்டைக்குள் சிறுத்துக்கொண்டே போனான்.

"போய் நிறுத்திச் சொல்லேன்டா."

"என்னோடது இல்லையேக்கா. வேற பேர் போட்டிருக்கு. நான் எப்படிக் கை வைக்கிறது?"

"செஞ்சது நீதானடா!"

"பேர் இல்லையே."

முன்பு பெயர் இருந்ததால் என் உயிரை வாங்கினான். இப்போது பெயர் இல்லாததால் வாங்கினான். ஒரு மனிதனுக்குப் பிடிவாதம் இருக்கலாம், அதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பன்றி இறைச்சியும் பீன்ஸும் பரிமாறியிருந்தேன். தெருவில் ஒரு நிகோலே முக்கிக்கொண்டு வந்தது. லெமுவல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பம்பு என்றுகூடச் சொல்லவில்லை. நான் சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தெருவுக்கு ஓடி, நட்டநடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி நின்றது. உள்ளே இளைஞன் ஒருவன், ஊர் ஊராகப் போய் செருப்பு விற்கிறவன் போலிருக்கிறது. பின்னால் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தான்.

"என்னம்மா, சாகணுமா?"

"உன் வண்டிதான் சாகப்போகுது. ஆவி வருது பாரு."

"புது வண்டிம்மா. பழகுற வரைக்கும் அப்படித்தான் வரும்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"குடுத்தவன் எதையும் சொல்லுவான். உள்ள கொண்டு வா. இந்த வண்டியைச் செஞ்சவன் என் வீட்டுலதான் உக்காந்து பீன்ஸ் தின்னுக்கிட்டு இருக்கான்."

அவன் என்னை நம்பாமல் பார்த்தான். தலையை வெளியே நீட்டி ரேடியேட்டர் மேல் இருந்த தகட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு முகம் மாறி, குரல் இறங்கி, பணிவாகக் கேட்டான்: "நிகோலே ஐயாவா? அவர் இங்கதான் இருக்காரா?"

வோக்லர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எங்கள் அப்பாவின் பெயர், எங்கள் பெயர், அவன் ஏமாந்து எழுதிக் கொடுத்த பெயர். சொன்னால் இந்தப் பையனுக்கு என்ன புரியும்? யாரோ வோக்லர், நமக்கென்ன என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

"ஆமா" என்றேன். "நிகோலேதான். வா."

உள்ளே அழைத்துப் போனேன். செருப்பு விற்கிறவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்றான்.

"வணக்கம் நிகோலே ஐயா. உங்க வண்டி கொஞ்சம் சூடாகுதுங்க."

லெமுவல் அவனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை, சொல்லுடா என்று முறைத்தேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தான்.

"ஆமாங்க, நிகோலேதான்" என்றான் என் தம்பி. "ஏறும்போது சூடாகுதா, சமதரையிலயே சூடாகுதா?"